முட்டையை நிறுத்தியது குளிரா, இருட்டா?
(வானொலி வேளாண் உரை)



பனி கொட்டுகிற தேசங்களில் கோழி வளர்த்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறோம். ஐரோப்பா, கனடா, அமெரிக்காவின் வடபகுதி, இங்கெல்லாம் குளிர்காலம் என்பது நம்ம ஊர் மார்கழிக் குளிர் மாதிரி இல்லை. வாளியில் வைத்த தண்ணீர் கல்லாக உறைந்துபோகும். இட்ட முட்டையை உடனே எடுக்காவிட்டால் உள்ளே உறைந்து, ஓடு வெடித்துப்போகும். வயலெல்லாம் வெள்ளை வெளேரென்று முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும். அந்த இடத்தில் இரண்டு பறவைகளை வைத்துக்கொண்டு சம்சாரிகள் திண்டாடினார்கள். ஒன்று முட்டைக்கோழி. இன்னொன்று கினிக்கோழி. ஒன்று குளிர்காலம் வந்தால் முட்டையை நிறுத்திவிடும். மற்றது எந்தக் காலத்திலும் வாயை மூடாது.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டுமே வெயில் நாட்டுப் பறவைகள். நம் வீட்டுக் கோழியின் மூதாதை தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள காடுகளில் திரிகிற சிவப்புக் காட்டுக்கோழி. கினிக்கோழியின் தாய்நாடு ஆப்பிரிக்கா. அங்கே புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் கூட்டம் கூட்டமாக மேய்ந்து, ராத்திரி மரத்தில் ஏறி அடைகிற பறவை அது. மனிதன் போன இடத்துக்கெல்லாம் இவற்றையும் தூக்கிக்கொண்டு போனான். பனிநாட்டுக்கும் கொண்டுபோனான். பறவை இடம் மாறியது. அதன் சுபாவம் மாறவில்லை. அதனால்தான் இத்தனை சிரமமும்.

பழைய காலத்தவர் கண்டது

குளிர்காலத்தில் கோழி முட்டையிடாது என்பது இன்று நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், வீட்டுக்கோழி வருஷம் பூராவும் முட்டையிடும், பகல் மிகக் குறுகிப்போகிற நடுக்குளிர்காலத்தில் மட்டும் இரண்டு மாதம் இடாது என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தின கணக்கு இது.

அவருக்குப் பிறகு, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி தேசத்தில் கொலுமெல்லா என்று ஒருவர் இருந்தார். விவசாயத்தைப் பற்றி 12 பாகங்கள் எழுதியவர். கோழிக்கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன யோசனை வேடிக்கையாக இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் உதிக்கிற திசையைப் பார்த்து கொட்டகை இருக்க வேண்டும். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருந்தால் புகை உள்ளே வந்து கோழிக்கு நல்லது செய்யும் என்கிறார். குளிர்ப் பிரதேசத்தில் ஜனவரி மாதம் பாதிக்கு மேல்தான் கோழி மறுபடி முட்டையிட ஆரம்பிக்கும் என்றும், பாதி வேகவைத்த வாற்கோதுமையைக் கொடுத்தால் முட்டை கூடும் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, தீனி, சூடு, சூரியன் மூன்றையும் அவர் பிடித்துவிட்டார். மூன்றில் எது முக்கியம் என்பதுதான் பிடிபடவில்லை. அதற்கு இன்னும் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இது ஏதோ படித்தவர்கள் பேசுகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களின் கைக்காசு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் பண்ணை வீட்டுப் பெண்கள் முட்டையையும் வெண்ணெயையும் ஊர்க்கடையில் கொடுத்துத்தான் சர்க்கரை, உப்பு, துணிமணி வாங்குவார்கள். வயல் வருமானம் புருஷனுடையது, முட்டைக்காசு பெண்டாட்டியுடையது. நம்ம ஊரில் கோழி விற்ற காசை முந்தானையில் முடிந்து வைப்பது மாதிரிதான். குளிர்காலத்தில் முட்டை விலை ஏறிக்கிடக்கும். ஆனால் விற்பதற்கு முட்டை இருக்காது. வசந்த காலத்தில் கூடை கூடையாக முட்டை வரும், விலை படுத்துவிடும். அதனால் வசந்தகாலத்து முட்டையைச் சுண்ணாம்புத் தண்ணீரிலும், நீர்க்கண்ணாடி என்று சொல்கிற சோடியம் சிலிகேட் கரைசலிலும் ஜாடியில் போட்டு, குளிர்காலத்துக்கென்று மாதக்கணக்கில் பத்திரப்படுத்தினார்கள். ஊறுகாய் போடுகிற மாதிரி முட்டையைப் போட்டு வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கினிக்கோழி வந்த வழி

இப்போது கினிக்கோழியின் கதைக்கு வருவோம். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொட்டு, தலையில் மயிர் இல்லாமல் கொம்பு மாதிரி ஒரு எலும்பு முடிச்சு, இதுதான் அடையாளம். கிரேக்கர்களுக்கு இந்தப் பறவை தெரியும். மெலியேஜர் என்ற வீரன் செத்துப்போனபோது அவன் தங்கைமார் அழுது அழுது பறவையாக மாறிப்போனார்கள், அவர்கள் விட்ட கண்ணீர்த் துளிகள்தான் இறக்கையில் பொட்டாக நிற்கின்றன என்று ஒரு கதை கட்டினார்கள். ஓயாமல் கத்துகிற பறவைக்கு ஓயாமல் அழுத பெண்களின் கதை பொருத்தம்தானே!

ரோமர்கள் இதை ஆப்பிரிக்கக் கோழி என்றார்கள். வர்ரோ என்பவர் கி.மு. 37-இல் எழுதின விவசாய நூலில் இதைப் பெரியது, பொட்டுப் பொட்டாக இருப்பது, முதுகு கூன் விழுந்தது என்று வர்ணிக்கிறார். அன்றைக்கு அது பணக்காரர் வீட்டு விருந்துப் பண்டம். ரோமாபுரி சாம்ராஜ்யம் சரிந்த பிறகு ஐரோப்பாவில் இந்தப் பறவை அநேகமாக மறைந்தே போயிற்று. பிறகு போர்ச்சுக்கீசியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்று பெயர் பெற்ற கடற்கரையிலிருந்து மறுபடி கப்பலில் ஏற்றி வந்தார்கள். கினிக்கோழி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவிலிருந்து வான்கோழியும் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. ஜனங்களுக்கு இரண்டும் குழம்பிப்போயிற்று. அந்தக் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை. கிரேக்கர்கள் கினிக்கோழிக்கு வைத்த மெலியாகிரிஸ் என்ற பெயரைத்தான் 1758-இல் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி வான்கோழி இனத்துக்குப் பெயராகச் சூட்டினார். கினிக்கோழியின் அறிவியல் பெயர் நுமிடா மெலியாகிரிஸ். ஒரே பெயர் இரண்டு பறவை மேலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் போன வழியிலேயே இந்தப் பறவை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. தீவுகளில் பல இடங்களில் பட்டியை விட்டுத் தப்பிக் காட்டுப் பறவையாகவே மாறிவிட்டது. கோழி மாதிரி மனிதனுக்கு முழுசாகப் பணிந்த பறவை அல்ல இது. அமெரிக்கப் பண்ணைகளில் இதை வளர்த்ததற்கு முக்கியமான காரணம் காவல். வல்லூறு நிழல் தெரிந்தாலும் கத்தும். நரி வந்தாலும் கத்தும். அந்நிய ஆள் வாசலில் கால் வைத்தாலும் கத்தும். உண்ணி, வெட்டுக்கிளி, வண்டு எல்லாவற்றையும் பொறுக்கித் தின்னும். நம்ம ஊரில் பாம்பு வந்தால் காட்டிக்கொடுக்கும் என்று தோட்டங்களில் விடுகிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

சத்தத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டை மட்டும்தான் இரண்டு அசையாக, ஒன்றை இழுத்து ஒன்றைத் தூக்கிக் கத்தும். சேவல் ஒரே அசையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். பயந்தால் பெட்டையும் ஒற்றை அசையில் கத்தும். பார்வைக்குச் சேவலும் பெட்டையும் ஒன்றுபோல இருப்பதால், குரலை வைத்துத்தான் அனுபவஸ்தர்கள் ஆண், பெண் பிரிப்பார்கள்.

அடைத்ததால் வந்த கேடு

சரி, பனிநாட்டுக்காரர் இந்தப் பறவைகளைக் குளிர்காலத்தில் எப்படிக் காப்பாற்றினார்கள்? முட்டை நின்றதற்குக் குளிர்தான் காரணம் என்று நம்பினார்கள். அதனால் கொட்டகையில் ஒரு ஓட்டை விடாமல் அடைத்தார்கள். சந்துபொந்தில் வைக்கோல் திணித்தார்கள். சன்னலைச் சாத்தினார்கள். சில பேர் உள்ளே கணப்பு அடுப்பும் வைத்தார்கள்.

பலன் என்ன? கோழி மூச்சுவிடும்போது ஈரம் வெளியே வருகிறது. எச்சத்திலும் ஈரம். நூறு கோழி நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பங்கு மூச்சிலும் எச்சத்திலும் கொட்டகைக்குள்ளேயேதான் வந்து சேர வேண்டும். அடைத்த கொட்டகையில் அது போக வழியில்லை. கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். கூளம் நனையும். எச்சத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். கோழிக்குச் சளியும் கண்நோயும் வரும். அதைவிட மோசம், கொண்டையிலும் தாடியிலும் ஈரம் படிந்து அது உறைந்துபோவது. சதை கறுத்து, நுனி காய்ந்து உதிரும். இதைப் பனிக்கடி என்பார்கள். எதைத் தடுக்கக் கதவைச் சாத்தினார்களோ, அது கதவைச் சாத்தினதாலேயே அதிகமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள். தெற்குப் பக்கச் சுவரையே திறந்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் காற்றுப் புகாமல் கட்டினார்கள். பரண் பின்பக்கம் ஆழத்தில் இருக்கும். முன்பக்கம் காற்றும் வெயிலும் வரும், ஆனால் பரணில் உட்கார்ந்த கோழி மேல் காற்று வீசாது. பிரின்ஸ் வுட்ஸ் என்ற டாக்டர் 1912-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். பனி கொட்டும் ஊரில் முன்பக்கம் திறந்த கொட்டகையா என்று கேட்டவர்கள் அநேகம். ஆனால் அந்தக் கொட்டகையில் கோழி காய்ந்த கூளத்தில் சுகமாக இருந்தது. கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறக்கையை உப்பிக்கொண்டு அந்தச் சூட்டை அது தானே காத்துக்கொள்ளும். வயிறு நிறையத் தானியமும், நனையாத இறக்கையும், நேராக வீசாத காற்றும் இருந்தால் போதும். வறண்ட குளிரைக் கோழி தாங்கிவிடும், ஈரக்குளிரைத்தான் தாங்காது.

கொண்டையைச் சின்னதாக்கினார்கள்

இன்னொரு வழி, பறவையையே அந்தச் சீமைக்குத் தக்கபடி மாற்றுவது. இத்தாலி நாட்டு வெள்ளை லெகார்ன் கோழிக்கு நிமிர்ந்த பெரிய கொண்டை. முட்டைக்குப் பேர்போனது, ஆனால் கனடாக் குளிரில் அந்தக் கொண்டை முதலில் கருகும். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் ஓகா என்ற ஊரில் ஒரு துறவியர் மடம். அங்கே கோழிகளைப் பார்த்துக்கொண்ட துறவி வில்ஃப்ரிட் ஷாத்லேன், 1908 வாக்கில் ஒரு வேலையை ஆரம்பித்தார். குளிர்காலத்தில் முட்டையிட வேண்டும், கறிக்கும் ஆக வேண்டும், கொண்டையும் தாடியும் இருக்கிற இடம் தெரியாமல் இருக்க வேண்டும். இதுதான் அவர் போட்ட திட்டம். ஐந்து இனங்களைக் கலந்து, பத்து வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார். 1918-இல் ஷாண்டக்ளேர் என்ற புது இனம் வெளியே வந்தது. 1921-இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கலந்த ஐந்து இனங்களில் ஒன்று கார்னிஷ். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவான அந்தக் கார்னிஷ் கோழியின் ரத்தத்தில் இந்தியாவிலிருந்து போன அசில் கோழி இருக்கிறது. நம்ம ஊரில் சண்டைச்சேவல் என்று வளர்க்கிறோமே, அதே அசில்தான். கட்டையான சின்னக் கொண்டையும் கெட்டியான நெஞ்சுச் சதையும் அசிலின் லட்சணம். கனடாப் பனியில் நிற்கிற கோழிக்கும் நம்ம ஊர்ச் சேவலுக்கும் ஒட்டுறவு உண்டு.

வெளிச்சம்தான் காரணம்

கொட்டகையும் சரியாயிற்று, இனமும் சரியாயிற்று. அப்போதும் முட்டை முழுசாக வரவில்லை. ஏன்? இதற்குப் பதில் இருட்டில் ஒளிந்திருந்தது.

ஜப்பானில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கூண்டுப் பறவைக்குக் குளிர்காலத்தில் சூரியன் மறைந்த பிறகும் சில மணி நேரம் விளக்கு வெளிச்சம் காட்டுவார்கள். வசந்தத்தில் பாட வேண்டிய பறவை ஜனவரியிலேயே பாடும். அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சில பேர் கோழிக்கொட்டகையில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். முட்டை வந்தது. நேரம் அதிகம் கிடைப்பதால் கோழி அதிகம் தின்கிறது, அதனால் இடுகிறது என்று நினைத்தார்கள். 1910-களின் கடைசியிலும் 1920-களிலும் கார்னெல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். விளக்கு வைத்த கோழி குளிர்காலத்தில் இட்டது, வைக்காத கோழி இடவில்லை.

காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர் கோழிக்காரர் அல்ல. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்த வில்லியம் ரோவன். பறவைகள் பருவம் தெரிந்து தேசாந்தரம் போவது எப்படி என்பதுதான் அவர் ஆராய்ச்சி. 1924 இலையுதிர் காலத்தில் ஜங்கோ என்ற சின்னக் குருவிகளைப் பிடித்து, வெட்டவெளியில் இரண்டு கூண்டுகளில் விட்டார். ஒரு கூண்டில் மின்விளக்கு போட்டு, நாளுக்குச் சில நிமிஷம் வீதம் பகலை நீட்டிக்கொண்டே போனார். மற்றதில் விளக்கு இல்லை. இரண்டு கூண்டுக்கும் ஒரே பனி, ஒரே குளிர். உறைநிலைக்கு வெகு கீழே போகிற எட்மண்டன் ஊர்க் குளிர் அது. குளிர்காலத்தின் நடுவில் பார்த்தால், விளக்குக் கூண்டுப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்த மாதிரி வளர்ந்திருந்தன. மற்றவை சுருங்கியே கிடந்தன. 1925-இல் இதை வெளியிட்டார்.

இதில் நமக்கு வேண்டிய கருத்து என்ன? குளிர் இரண்டு கூண்டுக்கும் பொது. வித்தியாசம் வெளிச்சம் ஒன்றுதான். பறவையின் உடம்பு குளிரைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கவில்லை, பகலின் நீளத்தைப் பார்த்துக் கணிக்கிறது. 1930-களில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஜாக் பெனுவா வாத்துகளை வைத்து இன்னும் ஒரு படி போனார். கண் மட்டும் அல்ல, மண்டை ஓட்டை ஊடுருவி மூளைக்குள்ளேயே எட்டுகிற வெளிச்சமும் இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். மூளை அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போகும். அது சுரக்கிற ஹார்மோன் சினைப்பையை எழுப்பும். பிறகுதான் முட்டை. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. கோழியின் மூளைக்கு அது, குஞ்சு பொரிக்கிற காலம் இது அல்ல, பொறு என்கிற சேதி.

வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குளிர்காலம் முழுவதும் உள்ளேயே அடைத்து வைத்த குஞ்சுகளுக்குக் கால் வளைந்து, நடக்க முடியாமல் போகும். 1922-இல் அமெரிக்க விஞ்ஞானி மக்காலம் காட் மீன் ஈரல் எண்ணெயில் உள்ள ஒரு சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் கொடுத்தார். 1924-இல் விஸ்கான்சினில் ஸ்டீன்பாக் என்பவர், புற ஊதாக்கதிர் படுகிற தீவனத்திலேயே அந்தச் சத்து உண்டாகும் என்று காட்டினார். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்தது, ஆனால் வெயிலின் சத்து அதற்குக் கிடைக்கவில்லை. மீன் எண்ணெயைத் தீவனத்தில் கலந்த பிறகு கால்நோய் தீர்ந்தது.

விளக்கு எல்லோருக்கும் உடனே வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1935-இல் கிராம மின்மயத் திட்டம் தொடங்கினபோது பத்துப் பண்ணையில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. அதுவரை அரிக்கேன் விளக்குதான். வைக்கோலுக்கு நடுவே நெருப்பு வைப்பது எத்தனை ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பி வந்த பிறகுதான் குளிர்கால முட்டைக்காசு சாதாரண சம்சாரி வீட்டுப் பெண்ணின் கைக்கு எட்டியது.

விளக்கு எரிந்தால் கினிக்கோழி விழிக்கும்

இனி, இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்தவன் பாட்டைச் சொல்கிறேன். கோழிக்கு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். குறைகிற நேரத்தை அதிகாலையில் விளக்கு போட்டு ஈடுகட்டுவதுதான் நல்லது. சாயங்காலம் போட்டு, பட்டென்று அணைத்தால் பரண் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே நின்றுவிடும். ஆகவே விடியற்காலை நாலு மணிக்கு விளக்கு. அதே விளக்கில் பக்கத்தில் அடைந்திருக்கிற கினிக்கோழியும் விழித்துவிடும். விழித்த நிமிஷமே கச்சேரி ஆரம்பம். வீட்டுக்காரன் மட்டுமா, அண்டை அயல் எல்லாம் எழுந்து உட்கார வேண்டியதுதான்.

கோடைக்காலத்தில் கினிக்கோழி பல ஏக்கர் சுற்றும். சத்தம் காட்டோடு போகும். குளிர்காலத்தில் வீட்டுப் பக்கத்தில் அடைத்து வைக்கும்போதுதான் அந்தச் சத்தம் தாங்க முடியாததாகிறது. அடைபட்ட கினிக்கோழி ஒரு நிழல் அசைந்தாலும் கத்தும். மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். வேலையில்லாத சேவல்கள் முட்டைக்கோழியைத் துரத்தி இறகைப் பிடுங்கும். தீவனத் தொட்டி பக்கம் விடாது.

அடைக்காமல் விட்டால் என்ன? அதிலும் கஷ்டம்தான். சாயங்காலம் மரத்தில் ஏறிவிடும். பனிக்காற்றில் மயிரில்லாத தலையும் தாடியும் உறையும். ஆந்தை தூக்கும். தரையில் புதுப் பனி விழுந்திருந்தால் அதில் கால் வைக்கப் பயந்து இறங்கவே மாட்டாது. இறங்கிப் பனியில் உட்கார்ந்துவிட்டால் கால் விரல் போய்விடும்.

அனுபவப்பட்டவர்கள் கண்ட வழிகள் இவை. கினிக்கோழி முட்டையைக் கோழியின் அடியில் அடைக்கு வைத்து, 26 முதல் 28 நாளில் பொரிந்த குஞ்சைக் கோழித்தாயோடு விடுவார்கள். ஈரப்புல்லில் குஞ்சுகளை இழுத்தடிக்கிற கினிக்கோழித் தாயைவிடக் கோழித்தாய் நல்ல தாய். அப்படி வளர்ந்த குஞ்சு தாய்க்கோழி பின்னாலேயே கொட்டகைக்குள் அடையப் பழகும். இருட்டுக் கொட்டகைக்குள் கினிக்கோழி நுழையாது. ஆகையால் அடையும் நேரத்தில் உள்ளே சின்ன வெளிச்சம் வைத்து, கொஞ்சம் தினை, சாமை மாதிரி சிறுதானியம் இறைத்துக் கூப்பிடுவார்கள். தினம் அதே நேரம், அதே ஆள், அதே குரல். பரண் நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். கோழிப்பக்கம், கினிப்பக்கம் என்று நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, அதிகாலை விளக்கு கோழிப்பக்கம் மட்டும் எரியவேண்டும். ஒன்றிரண்டாக வைத்தால் கூட்டத்தைத் தேடி நாள் முழுக்கக் கத்தும், கூட்டமாக வைத்தால் சற்று அடங்கும். வாயை அடக்க வேறு மருந்து கிடையாது. கூட்டத்தைக் கூப்பிடுவதும் எச்சரிப்பதும் அதன் பிறவிக்குணம். வல்லூறு வரும்போது அந்தக் குரல் வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு வேண்டாம் என்றால் அதற்கு எப்படிப் புரியும்? பக்கத்து வீடு நெருக்கமாக இருந்தால் இந்தப் பறவை வேண்டாம் என்பதுதான் பழைய பண்ணைக்காரர்கள் சொன்ன புத்தி.

நமக்கு இதில் என்ன?

நம்ம ஊரில் பனி கொட்டுவதில்லை. சென்னையில் மார்கழியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம், ஆனி மாதத்தில் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் விளக்கு போட்டு வெளிச்சத்தை 16 மணி நேரமாக்குகிறார்கள். ரோவன் குருவியில் கண்ட உண்மைதான் அங்கே பல்பாக எரிகிறது. நீங்களும் விளக்கு போடுவதானால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். செய்தித்தாள் எழுத்தைப் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். முட்டையிடுகிற கோழிக்கு வெளிச்ச நேரத்தை இடையில் குறைக்கக் கூடாது. ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டால் இறகு உதிர்ந்து முட்டை நின்றுபோகும். வளரும் விடைக்கோழிக்கு நேரத்தைக் கூட்டக் கூடாது. உடம்பு தேறுமுன் முட்டைக்கு வந்து, சின்ன முட்டையிட்டுச் சீக்கிரம் சீரழியும்.

கினிக்கோழிக்கும் நம் நாட்டில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் இஜ்ஜத் நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூன்று ரகங்களை உருவாக்கியிருக்கிறது. வாங்குகிறவர்கள் இடத்தையும் அண்டை வீட்டையும் யோசித்துக்கொண்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நமக்கு அதுதான் குளிர்காலம். சாரல் அடிக்கிறது என்று கோழிக்கூண்டைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு நாலு பக்கமும் மூடிவிடுகிறோம். பனிநாட்டுக்காரன் வைக்கோல் திணித்து அடைத்த அதே காரியம்தான் இது. சாரல் வருகிற பக்கத்தை மட்டும் மறையுங்கள். எதிர்ப்பக்கம், கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே காற்றுப்போக வழி விடுங்கள். நனைந்த கூளத்தை அன்றன்றைக்கு வாரி எடுத்துக் காய்ந்ததைப் போடுங்கள். காலையில் கூண்டைத் திறக்கும்போது கண் கரித்தால், ராத்திரி பூராவும் உங்கள் கோழி அந்த வாடையில்தான் மூச்சுவிட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை விட்டு வெயில் தலைகாட்டினதும் முதல் வேலையாகக் கோழியைத் திறந்து வெளியே விடுங்கள்.